மூணு கரப்பான்

அப்பா: ...சரி, இன்னொரு தரம் மெதுவா சொல்லு. தாழ்ப்பாள் எப்படி விழுந்துச்சு?

அம்மா: எத்தனை தரம்ங்க சொல்றது? நீங்க குளிக்கப் போறேன்னு கதவைப் படார்னு சாத்துனீங்க. அந்த அதிர்ச்சியில வெளித் தாழ்ப்பாள் தானா விழுந்துடுச்சு.

அப்பா: நான் படார்னு சாத்தலையே.

அம்மா: உங்களுக்கு அது மெதுவா. ஊர்ல இருக்கிற கதவையெல்லாம் கோடாலியால தொறக்கிற கைக்கு, எது படார் எது மெதுவான்னு எப்படித் தெரியும்?

அப்பா: அது இருக்கட்டும். விழுந்ததைத் தூக்கு.

அம்மா: தூக்கினா வந்தாத்தானே! சிக்கிக்கிச்சு.

அப்பா: சிக்கிக்கிச்சா? இந்தக் கதவு, கீலு, தாழ்ப்பாள் எல்லாம் போன மழைக்கு அப்புறம் நானே வாங்கி நானே நின்னு மாட்டினது. அது எப்படிச் சிக்கும்?

அம்மா: நீங்க மாட்டினதாலதான் சிக்கிச்சோ என்னவோ.

அப்பா: இந்த நேரத்துல வம்பு பண்ணாத. ஃபயர் ஸ்டேஷன்ல காத்துக்கிட்டு இருப்பாங்க. சார்கிட்ட, இதோ குளிச்சுட்டு வந்துடறேன்னு சொல்லிட்டேன்.

அம்மா: கேட்டேனே. சமையக்கட்டுல நின்னு காதாரக் கேட்டேன். "சரி சார்... வந்துடறேன் சார்... அதுக்கென்ன சார்." மூச்சுக்கு மூச்சு சார்.

அப்பா: பின்ன என்ன சொல்லச் சொல்ற? ஸ்டேஷன்ல புது மாப்பிள்ளைன்னு கூப்பிடுவோமே, அவன் கால் பிசகிப் படுத்துட்டான். வண்டியில ஒரு ஆள் குறையுது.

பாப்பா: புது மாப்பிள்ளை அங்கிளுக்கு என்னாச்சுப்பா? மாடியிலேர்ந்து குதிச்சாரா?

அப்பா: ...இல்ல கண்ணு. வீட்ல பாத்திரம் தேய்க்கும்போது சோப்புத் தண்ணியில வழுக்கிட்டாராம்.

அம்மா: நாலாவது மாடியிலேர்ந்து ஆளைத் தோள்ல போட்டுக்கிட்டு இறங்கற மனுஷன்!

அப்பா: அங்க சோப்புத் தண்ணி இல்லையே.

அம்மா: பாவம், கட்டிக்கிட்ட புதுசு, பாத்திரம் தேய்ச்சுக் காலை விட்டுட்டாரு. உங்க காலுக்கு இந்த ஜென்மத்துல ஆபத்தே கிடையாது.

அப்பா: பாப்பா அங்கேயேதான் நிக்கிறாளா?

பாப்பா: ஆமாப்பா. நான் ரெடி. வெள்ளை ஷூ போட்டாச்சு. கால் கட்டுற பட்டையும் கையில வெச்சிருக்கேன்.

அப்பா: ...

அம்மா: என்னங்க, சத்தத்தையே காணோம்?

அப்பா: தலைக்குத் தண்ணி ஊத்தினேன்.

அம்மா: தண்ணி ஊத்துற சத்தமும் கேக்கலையே.

அப்பா: மெதுவா ஊத்தினேன். ...பாப்பா, அம்மா சொன்னாங்கல்ல? அப்பாவுக்குத் திடீர்னு டியூட்டி வந்துடுச்சும்மா.

பாப்பா: சொன்னாங்க. ஆனா காலண்டர்ல இன்னிக்கு உங்களுக்கு லீவுன்னு இருக்கே. நீங்கதான் சிவப்புப் பேனாவால வட்டம் போட்டீங்க.

அப்பா: போட்டேன்தான்...

பாப்பா: வட்டத்துக்குப் பக்கத்துல ரெண்டு ஆளு வரைஞ்சு, மொத்தம் மூணே காலு போட்டீங்க.

அம்மா: கேளுங்க, நல்லாக் கேளுங்க. அப்பாவோட ஒரு காலையும் பிள்ளையோட ஒரு காலையும் சேர்த்துக் கட்டி ஓட விடுவாங்க ஸ்கூல்ல. வருஷத்துக்கு ஒரு தரம். மொத்தமே மைதானத்துல இந்த மூலையிலேர்ந்து அந்த மூலைக்கு. அதுக்கு உங்களுக்கு ஒரு கால் ஒழியல.

அப்பா: என்னமோ நான் சினிமாவுக்குப் போற மாதிரி பேசுற.

அம்மா: முந்தின வருஷம் யாரோட ஓடினா?

அப்பா: உன் தம்பியோட.

அம்மா: ஆமா, பாதி தூரத்துல அவனுக்கு போன் வந்துடுச்சு. கால் கட்டினபடியே நின்னு, யார்கிட்டயோ டைல்ஸ் விலை பேசிக்கிட்டு இருந்தான். இவ அவனை மூட்டை மாதிரி இழுத்துக்கிட்டுப் போனா.

அப்பா: அது உங்க குடும்பத்து ரத்தம். யார் கால் எங்க இருந்தாலும் வாய் ஓயாது.

அம்மா: போன வருஷம்?

அப்பா: ...ஸ்கூல் வேன் டிரைவரோட. தெரியும், விடு. இப்போ என்னை வெளியில எடு. ஏதாவது கனமா எடுத்துத் தாழ்ப்பாளைக் கீழேர்ந்து மேல தட்டு.

அம்மா: தட்டுறேன்... டொக்... டொக்... ம்ஹூம். அசையல.

அப்பா: தட்டுற சத்தம் செவுத்துல கேக்குதே?

அம்மா: செவுரும் கதவும் பக்கத்துல பக்கத்துலதானே இருக்கு. அப்படித்தான் கேக்கும்.

அப்பா: நீ தள்ளி நில்லு. ஒரே உதை, பேர்த்துக்கிட்டு வந்துடறேன்.

அம்மா: ஐயய்யோ! வாடகை வீடுங்க! வீட்டுக்காரம்மா மாடியிலதான் இருக்காங்க. ஏற்கெனவே, நெருப்பு அணைக்கிறவருங்கிறாங்க, வீட்டுக்கு வந்ததுலேர்ந்து ஒண்ணு மாத்தி ஒண்ணு உடையுதேன்னு கேட்டாங்க.

அப்பா: உதைச்சாலும் உடையாது, சும்மா சொன்னேன். வெளியில இருந்தா ஒரு உதை போதும். இது உள்பக்கம் இழுத்துத் தொறக்கிற கதவு. உள்ளேர்ந்து உதைச்சா என் கால்தான் புது மாப்பிள்ளை கால் மாதிரி ஆகும்.

அம்மா: அப்போ மேல இருக்கே ஜன்னல், அது வழியா?

அப்பா: தலை போகும்.

அம்மா: மிச்சம்?

அப்பா: மிச்சத்துல நடுவுல கொஞ்சம் போகாது.

அம்மா: ஸ்டேஷன் சாப்பாடு. பன்னிரண்டு பேருக்குச் சமைச்சு, ஆறு பேர் வெளியில போயிட, மிச்ச ஆறு பேரே தின்னு தீர்க்கிறது.

அப்பா: எண்ணெய் எடுத்துட்டு வா. தாழ்ப்பாள்ல நாலு சொட்டு விட்டா நழுவிடும். ஓடு.

அம்மா: எண்ணெய்யா... எங்க வெச்சேன்னு தெரியலையே. தேடிப் பாக்கறேன்.

அப்பா: அடுப்புப் பக்கத்துல இருக்கும்!

அம்மா: அங்கதான் இருக்கும்னு சொல்ல முடியாதுங்க. நீங்கதானே அடுப்புக்குப் பக்கத்துல எண்ணெய் வைக்கக் கூடாதுன்னு வீட்டையே தலைகீழா மாத்தினீங்க. இவ பிறந்தநாளுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏத்தினதுக்கு ரெண்டு வாளித் தண்ணி, ஒரு ஈரச் சாக்கு. கேக்கை வெட்டுறதா அணைக்கிறதான்னு வந்தவங்கல்லாம் முழிச்சாங்க.

அப்பா: நீ முதல்ல போ!

அம்மா: போறேன், போறேன். பாப்பா, அப்பாகிட்டப் பேசிக்கிட்டு இரு. என்ன பேசக் கூடாதோ அதைப் பேசாத.

பாப்பா: சரிம்மா.

அப்பா: ...போயிட்டாங்களா?

பாப்பா: போயிட்டாங்க. ...அப்பா, உள்ள என்ன சத்தம்? டொக்கு டொக்குன்னு?

அப்பா: அதுவா... கரப்பான். கரப்பான் பூச்சி அடிக்கிறேன்.

பாப்பா: எதால?

அப்பா: பல் பிரஷ்ஷால முட்டுக் குடுத்து, துணி தோய்க்கிற கட்டையால ஒரு தட்டு.

பாப்பா: கரப்பானுக்கு எதுக்கு முட்டு?

அப்பா: ஓடாம இருக்க. ...ஒண்ணு ஆச்சு.

பாப்பா: இன்னும் இருக்கா?

அப்பா: மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு. மொத்தம் மூணு.

பாப்பா: செத்ததை எங்கப்பா போட்டீங்க?

அப்பா: சோப்பு டப்பாவுல.

பாப்பா: சீ! அது என் ரோஸ் சோப்பு!

அப்பா: கழுவிக்கலாம்மா. ...ஆங், ரெண்டாவதும் வந்துடுச்சு. நீ பேசிக்கிட்டே இரு.

பாப்பா: அப்பா, நான் அம்மாவோட ஓடிப் பழகினேன். அம்மா இடது காலுன்னா வலது காலை எடுக்கிறாங்க. அப்புறம் நாற்காலிக் காலோட கட்டிக்கிட்டுப் பழகினேன். நாற்காலி நல்லா ஓடுது. நீங்க பழகுனீங்களா?

அப்பா: பழகாம என்ன? ஸ்டேஷன்ல ஒல்லி அங்கிள் இல்ல, அவரோட. தலைக்குத் துவட்டுற துண்டால காலைக் கட்டிக்கிட்டு, வண்டி நிக்கிற கூடத்துல இங்கேயும் அங்கேயும் ஓடினோம்.

பாப்பா: வேகமா?

அப்பா: ரொம்ப வேகமா. நடுவுல மணி அடிச்சுடுச்சு. மணி அடிச்சா எதையும் யோசிக்க மாட்டோம்ல? கட்டின காலோட அப்படியே வண்டிக்கு ஓடிட்டோம்.

பாப்பா: ஐயோ! ஏறுனீங்களா?

அப்பா: ஏறல. விழுந்தோம். வண்டிக்குள்ளதான் விழுந்தோம், அதனால யாரும் ஒண்ணும் சொல்லல. போற வழியெல்லாம் முடிச்சை அவிழ்க்க முடியல. அங்க போய் இறங்கினா, புகை பாத்து மிரண்டு நின்ன ஒரு பாட்டு வாத்தியார், எங்க ரெண்டு பேரையும் பாத்துட்டுச் சிரிக்க ஆரம்பிச்சுட்டாரு.

பாப்பா: தீ என்னாச்சு?

அப்பா: அது அடுப்புல மறந்துட்ட பால் பாத்திரம்மா. நாங்க சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள அதுவே அணைஞ்சுடுச்சு. ...இந்த மூணாவது கொஞ்சம் முரண்டு பிடிக்குது.

பாப்பா: அப்பா...

அப்பா: சொல்லு.

பாப்பா: வேன் டிரைவர் மாமாவோட ஓடினேன்ல, அவரு நல்லாத்தான் ஓடினாரு. எனக்காகக் குனிஞ்சுக்கிட்டே ஓடினாரு.

அப்பா: நல்ல மனுஷன்.

பாப்பா: நாங்க ரெண்டாவது வந்தோம். பரிசு குடுக்கும்போது புது மிஸ், "இதுதான் உன் அப்பாவா"ன்னு கேட்டாங்க.

அப்பா: நீ என்ன சொன்ன?

பாப்பா: ...ஆமான்னு சொல்லிட்டேன். எல்லார் அப்பாவும் பக்கத்துல நின்னாங்க. அதான். ...தப்பாப்பா?

அப்பா: ...

பாப்பா: அப்பா? மூணாவது ஓடிடுச்சா?

அப்பா: இல்லம்மா. ...வந்துடுச்சு. கையிலதான் இருக்கு.

பாப்பா: உங்க குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?

அப்பா: கண்ணுல சோப்பு.

பாப்பா: அப்போ நான் இங்கேயே உக்காந்துக்கறேன். கதவுல சாய்ஞ்சுக்கிட்டு...

அப்பா: சாயாத! பாப்பா, சாயாத! எந்திரி, எந்திரி!

பாப்பா: ஏம்பா?

அப்பா: ...ஷூ அழுக்காயிடும்.

பாப்பா: சாய்ஞ்சா எப்படி ஷூ அழுக்காகும்?

அப்பா: உன் அம்மா பொண்ணுதான் நீ. ரெண்டடி தள்ளி உக்காரு. ...ஆமா, என்னவோ பேசக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்களே, அது என்ன?

பாப்பா: அதைத்தான் பேசக் கூடாது.

அப்பா: தாழ்ப்பாள் சமாச்சாரமா?

பாப்பா: நான் ஒண்ணும் சொல்லல!

அப்பா: சரி. சொல்லாத. நல்ல பிள்ளை.

அம்மா: வந்துட்டேன், வந்துட்டேன். எண்ணெய் கிடைச்சுடுச்சு. கத்தாதீங்க.

அப்பா: நான் எங்க கத்தினேன்? ஒண்ணும் அவசரமில்ல. மெதுவா ஊத்து.

அம்மா: ...என்னது?

அப்பா: ஒரேயடியா ஊத்தக் கூடாதுன்னேன். சொட்டுச் சொட்டா விட்டு, ஊற விடணும்.

அம்மா: ஊற விடணுமா? எவ்வளவு நேரம்?

அப்பா: அது ஊறுற வரைக்கும்.

அம்மா: ஏங்க, உடம்பு எப்படி இருக்கு? உள்ள மூச்சு முட்டுதா? மயக்கம் வர மாதிரி இருக்கா?

அப்பா: நல்லாத்தான் இருக்கேன். கைதான் கொஞ்சம் வலிக்குது.

அம்மா: கை எதுக்கு வலிக்குது?

பாப்பா: அப்பா மூணு கரப்பான் அடிச்சாங்கம்மா. என் சோப்பு டப்பாவுல போட்டுட்டாங்க.

அம்மா: நம்ம வீட்ல ஏது கரப்பான்? நேத்துதானே கழுவிவிட்டேன்... இருங்க, உங்க போன் அடிக்குது. சார்தான்.

அப்பா: எடுத்துப் பேசு.

அம்மா: ஹலோ... வணக்கம் சார். நான்தான்... அவர் கிளம்பிட்டாரா இல்லையான்னா... கிளம்பின மாதிரிதான் சார், ஆனா வழியில மாட்டிக்கிட்டாரு... இல்ல சார், டிராஃபிக் இல்ல... பாத்ரூம்ல. கதவு சிக்கிக்கிச்சு... ஆமா சார், உள்ளதான் இருக்காரு... சார்? ...சார்? ...

அப்பா: என்ன சொல்றாரு?

அம்மா: சிரிக்கிறாரு. பக்கத்துல இன்னும் நாலு பேர் சிரிக்கிறாங்க.

அப்பா: ஒல்லி சிரிப்பு கேக்குதா? குதிரை கனைக்கிற மாதிரி?

அம்மா: அதுதான் முன்னால கேக்குது. ...சொல்லுங்க சார்... என்னது? வண்டி அனுப்புறீங்களா!

அப்பா: வேண்டாம்னு சொல்லு!

அம்மா: வேண்டாம் சார்! எதுக்கு சார் சிரமம்... ஏணியெல்லாம் வேண்டாம் சார், தரைத்தளம்தான்...

அப்பா: தெரு முழுக்க வேடிக்கை பாக்கும்! நெருப்பு அணைக்கிறவனைப் பாத்ரூம்லேர்ந்து மீட்டாங்கன்னு நான் ரிட்டையர் ஆகுற வரைக்கும் பேசுவாங்க! மானத்தைக் காப்பாத்து!

அம்மா: மானம் போயிடும்னு அழுவுறாரு சார்... ம்... உங்ககிட்டப் பேசணுமாம். கதவுக்கிட்ட வைக்கிறேன். பேசுங்க.

அப்பா: வணக்கம் சார்... ஆமா சார்... ஒரு உதை... இல்ல சார், உள்பக்கம் இழுக்கிற கதவு... ஜன்னல் சின்னது சார்... ஆமா சார், தொப்பைதான் சார்... என்ன சார்? கீலா? ...

அம்மா: என்னங்க, பேச்சே காணோம்?

அப்பா: ...இல்ல சார். கீல் எல்லாம் வெளிப்பக்கம் சார். நான் உள்ளேர்ந்து ஒண்ணும் பண்ண முடியாது சார்.

அம்மா: வெளிப்பக்கமா? இந்தப் பக்கம் கீலே...

அப்பா: போனை மறைச்சுக்கிட்டுப் பேசாத! ...உங்களை இல்ல சார்! வீட்ல... ஆமா சார். வேற ஆள் யாராவது... நம்ம குறட்டை இருக்கானே, அவனுக்கு இன்னிக்கு லீவுதான் சார், அவன் வீடு ஸ்டேஷனுக்குப் பின்னாலதான். எழுப்பினா வருவான் சார்... எழுந்திரிச்சா... சரி சார். மன்னிச்சுக்கோங்க சார்.

அம்மா: வெச்சுட்டாரு. குறட்டைக்கு ஆள் அனுப்புறாராம். வரலைன்னா வண்டியை இங்க அனுப்பி, உங்களைக் கதவோட பேர்த்து அப்படியே ஏத்திக்கிட்டுப் போவாங்களாம்.

அப்பா: ம்.

அம்மா: என்னங்க "ம்"?

அப்பா: இதுவரைக்கும் சார்கிட்ட நான் எதையும் மாத்திச் சொன்னதில்ல.

அம்மா: இப்போ என்ன மாத்திச் சொன்னீங்க?

அப்பா: ஒண்ணுமில்ல. எண்ணெய் ஊறுதா பாரு.

அம்மா: ...ஏங்க. ஒண்ணு சொல்லட்டுமா? உங்க வேலையைப் பத்தி நான் குறை சொல்லி என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?

அப்பா: தினமும்.

அம்மா: விளையாடாதீங்க. இவ பிறக்கிற அன்னிக்கு என்னை ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கிவிட்டுட்டு, பின்னாடித் தெருவுல புகை தெரியுதுன்னு ஓடினீங்க. லீவு அன்னிக்கு! திரும்பி வந்தப்ப மூஞ்செல்லாம் கரி. குழந்தையைக் கையில தர மாட்டேன்னு நர்ஸ் பிடிச்சுக்கிட்டாங்க. அதுக்குக் கூட நான் சண்டை போடல.

அப்பா: போட்டிருக்கலாம்.

அம்மா: எப்படிப் போடுறது? உங்களுக்கு முன்னாடியே அந்தத் தெருக்காரங்க ஆப்பிள் வாங்கிக்கிட்டு வந்து வாசல்ல நிக்கிறாங்க. "உங்க வீட்டுக்காரர் எங்க அம்மாவைக் காப்பாத்திட்டார்"னு அழுவுறாங்க. அழுறவங்ககிட்ட, என் பிரசவத்துக்கு அவர் இல்லைன்னா சொல்ல முடியும்? உங்க மேல கோபப்படவும் வழி இல்லாம ஒரு குடும்பம் நடத்துறேன் நான். அதுதாங்க எனக்குக் கஷ்டம். அடுத்தவங்க வீட்ல தீன்னா போங்க, நான் செருப்பு எடுத்து வைக்கிறேன். ஆனா ஒரு ஆள் குறையுதுன்னா, அது ஏன் ஒவ்வொரு தரமும் நீங்களா இருக்கணும்? ஏன்னா எல்லாருக்கும் தெரியும், உங்களுக்கு மட்டும்தான் முடியாதுன்னு சொல்ல வாய் வராது. தொண்ணூறு கிலோ ஆளைத் தூக்குறீங்க, ஒரு போனைத் தூக்கி "முடியாது சார்"ன்னு சொல்ல முடியல.

அப்பா: நிஜம்தான்.

அம்மா: ...என்னது?

அப்பா: நிஜம்தான்னேன்.

அம்மா: பாப்பா, உங்கப்பாவுக்கு உள்ள காத்து பத்தலைன்னு நினைக்கிறேன்.

பாப்பா: அம்மா, அப்பா! சைரன்! சைரன் கேக்குது!

அப்பா: உஷ்... யாரும் பேசாதீங்க.

அம்மா: இங்க வராங்களா? உங்களை ஏத்திக்கிட்டுப் போகவா?

அப்பா: இல்ல... நம்ம தெருவுக்குத் திரும்பல. மேம்பாலத்துப் பக்கம் போகுது. எங்கேயோ நிஜமாவே தீன்னு போன் வந்திருக்கு.

அம்மா: குறட்டை வந்திருப்பாரா?

அப்பா: தெரியலையே... ஒரு ஆள் குறைஞ்சா குழாய் பிடிக்கிறவனுக்குப் பின்னால யாரு நிப்பா? ஒல்லியால ஒத்தையில தாங்க முடியாது... ச்சே...

பாப்பா: அப்பா... நீங்க வேணா போங்கப்பா. நான் வேன் மாமாவோட ஓடிக்கிறேன். பரவாயில்ல.

அம்மா: ஏங்க... நான் வேணா தாழ்ப்பாள் இப்போ வருதான்னு...

அப்பா: இரு. கை வைக்காத. கேளு... முனை திரும்புது... இப்போ, இப்போ...

அம்மா: என்னத்தைக் கேக்கறது?

அப்பா: கேட்டுச்சா? விட்டு விட்டு, விக்கல் எடுக்கிற மாதிரி? குட்டையா ரெண்டு, நீளமா ஒண்ணு!

பாப்பா: கேட்டுச்சு!

அப்பா: குறட்டை! அது குறட்டை கைதான்! முன் சீட்ல உக்காந்து அவன்தான் அப்படி அமுக்குவான். மத்தவங்கல்லாம் ஒரே இழுப்பா இழுப்பாங்க. வந்துட்டான்... ஆள் முழுசா இருக்கு. அப்பாடா...

அம்மா: உங்க போன்ல ஏதோ வந்திருக்கு பாருங்க. சார்தான். "குறட்டை வந்துவிட்டார். குப்பை மேட்டுப் புகைதான். நீ பாத்ரூமிலேயே இரு." பக்கத்துல ஒரு சிரிக்கிற பொம்மை.

அப்பா: ஒரு பொம்மைதானா?

அம்மா: பதினஞ்சு இருக்கும்.

அப்பா: இருக்கட்டும். பாப்பா, பட்டை கையில இருக்கா?

பாப்பா: இருக்குப்பா! உங்க பழைய யூனிபார்ம் கையை வெட்டி அம்மா தைச்சது. உள்ள பஞ்சு வெச்சு!

அம்மா: உங்க முட்டி எலும்பு குத்தக் கூடாதுன்னு... அட! என்னங்க, ஆச்சரியமா இருக்கு! எண்ணெய் ஊறிடுச்சு போல! தாழ்ப்பாள் இதோ வழவழன்னு வந்துடுச்சு!

அப்பா: ஆஹா. என்ன ஒரு எண்ணெய்.

அம்மா: ...சரி, நடிக்க முடியல என்னால. நான்தாங்க போட்டேன். நீங்க "சரி சார்"னு சொல்லிட்டு உள்ள போனதும், இவ பட்டையை மடிச்சுப் பெட்டியில வைக்கப் போனா. ஒரு வார்த்தை பேசல, அழல, மடிச்சு வைக்கப் போனா. என் கை தானாப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுடுச்சு. திட்டணும்னா திட்டுங்க. ஆனா ஓடிட்டு வந்து திட்டுங்க.

அப்பா: தெரியும்.

அம்மா: தெரியுமா?

அப்பா: தாழ்ப்பாள் தானா விழுந்தா ஒரு சத்தம், ஆள் போட்டா ஒரு சத்தம். இத்தனை வருஷமா அடுத்தவங்க கதவுதானே தொறக்கிறேன்.

அம்மா: அப்போ ஏன் ஒரு சத்தம் போடல? பாருங்க, என்னதான் பெரிய வீரரா இருந்தாலும், பொண்டாட்டி ஒரு தாழ்ப்பாள் போட்டா அடங்கித்தான் ஆகணும், இல்ல? வாங்க வெளியில, நேரமாச்சு. நானே கதவைத் தள்ளறேன்...

அப்பா: தள்ளாத! ரெண்டு பேரும் நாலடி பின்னால போங்க... பாப்பா, நீயும்தான். ...போயாச்சா? அந்தச் சோப்பு டப்பாவுல இருக்கிறது கரப்பான் இல்ல, கண்ணு. இந்தக் கதவோட கீல்ல இருந்த மூணு கம்பி. அம்மா எண்ணெய் எடுக்கப் போன உடனேயே கழட்டிட்டேன். நீ வேன் மாமாவை அப்பான்னு சொன்ன பாரு, அப்போலேர்ந்து கதவு விழுந்துடாம நான்தான் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.